கோடரிச் சண்டையில் யார் எந்தப் பக்கம்?

1916இல் ராபர்ட் ஃப்ளாஹர்டி, ஆர்க்டிக் பகுதியில் எடுத்துவந்த இனுயிட் மக்களின் படச்சுருளை டொரன்டோவில் தொகுத்துக்கொண்டிருந்தார். சிகரெட் நெருப்பு விழுந்து சுமார் 30,000 அடி நெகட்டிவ் எரிந்துபோனது. மறுபடி வடக்கே போய் அவர் எடுத்த படம்தான் 1922இல் வெளியான 'நானூக் ஆஃப் தி நார்த்'. இனவரைவியல் படங்களுக்கு முன்னோடியாக வகுப்புகளில் இன்றும் காட்டுகிறார்கள். ஆனால் உள்ளே வெளிச்சம் வேண்டுமென்று பனிவீட்டைப் பாதியாக வெட்டிக் கட்டியதும், துப்பாக்கி வைத்திருந்தவர்களை ஈட்டியெறிய வைத்ததும் திரையில் தெரிவதில்லை. படம் ஓடிக்கொண்டே இருக்கிறது. இடைமறித்துக் கேட்க முடியாது.

இடைமறிக்க வழி செய்தது, 1997இல் வந்த 'யானோமாமோ இன்டராக்டிவ்' என்ற சிடி-ராம். பீட்டர் பியெல்லா, நெப்போலியன் ஷாக்னன், கேரி சீமன் மூவரும் உருவாக்கியது. அதன் மையம் 'தி ஆக்ஸ் ஃபைட்' என்ற படம். 1971இல் வெனிசுவேலாவில் ஒரு யானோமாமோ பழங்குடிக் கிராமத்தில் திடீரென மூண்ட சண்டையை டிமத்தி ஆஷ் படம்பிடித்தார். மானிடவியலாளரான ஷாக்னனுடன் சேர்ந்து 1975இல் வெளியிட்டார். முதலில் வெட்டாத காட்சி வரும். கூச்சல், ஓட்டம், கழி, கோடரி. யார் யாரை அடிக்கிறார்கள் என்றே பிடிபடாது. தகாத உறவால் வந்த சண்டை என்று ஷாக்னனிடம் முதலில் சொன்னார்கள். அது தவறென்று பிறகுதான் தெரிந்தது. அந்தத் தவறான விளக்கத்தையும் படத்திலேயே விட்டுவைத்தார்களே, அந்த நேர்மைக்காகவே இதைப் பாடமாக வைக்கலாம்.

வட்டில் இந்தப் படத்தை எந்த இடத்திலும் நிறுத்தலாம். சண்டையில் நிற்கும் ஒருவரின் புகைப்படம், வாழ்க்கைக் குறிப்பு, வம்சவழி ஆகியவற்றைப் பார்த்துவிட்டு அதே காட்சிக்குத் திரும்பலாம். தமிழருக்கு இந்த வம்சவழிப் படம் சட்டென்று புரியும். யானோமாமோக்களும் மாமன் மகளை, அத்தை மகளைக் கட்டும் முறையுள்ளவர்கள். சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் அவர்களுக்கும் உடன்பிறப்புகள். இத்தகைய முறைக்கு மானிடவியலார் இட்ட பெயரே திராவிட உறவுமுறை. பங்காளி எங்கே நிற்கிறான், மச்சான் எங்கே நிற்கிறான் என்று தேடத் தொடங்கினால், வெறும் கலவரமாகத் தெரிந்ததில் ஓர் ஒழுங்கு தெரியவரும்.

அந்தக் காலத்துக் கணினிகளுக்காகச் செய்த வட்டு இது. இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் வட்டு போடும் இடமே கிடையாது. 1975இன் படச்சுருளைப் புரொஜெக்டரில் இன்னும் ஓட்டலாம். அதைவிட 22 ஆண்டு இளையதான இந்த வட்டுக்குப் பழைய கணினி ஒன்றைத் தேட வேண்டியிருக்கிறது. மானிடவியல் சொல்லித்தரும் பல்கலைக்கழகங்கள் இதை இன்றைய திரைகளுக்கு மாற்றித் தர வேண்டும்.