பூ உதிரும் நேரத்தில் ஒரு மைனர் கார்டு

கிதார் கற்கத் தொடங்கும் ஜப்பானியப் பிள்ளைகள் முதலில் பழகும் பாட்டுகளில் ஒன்று 'செர்ரி'. ஸ்பிட்ஸ் என்ற நால்வர் ராக் குழு 1996 ஏப்ரல் 10 அன்று அதை வெளியிட்டது. துள்ளலான தாளம், பளிச்சென்ற கிதார், கள்ளமில்லாத குரல். வசந்தத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கும். கார்டுகளைப் பிரித்துப் பார்த்தால்தான் சூட்சுமம் தெரியும். சரணம் மேஜர் கார்டில், சிரித்த முகத்தோடு தொடங்குகிறது. ஜப்பானியர்கள் 'சாபி' என்று சொல்லும் பல்லவியோ, கேட்பவர்கள் எல்லோரும் சேர்ந்து பாடும் அந்த இடம், மைனர் கார்டில் தொடங்குகிறது. பாட்டு உச்சத்துக்கு ஏறும்போது முதல் அடியைச் சோகத்தின் மேல் வைத்துத்தான் ஏறுகிறது.

இப்படிச் செய்வது ஸ்பிட்ஸ் மட்டுமல்ல. ஜப்பானிய ராக்கில் வசந்தப் பாட்டு என்றாலே பாதி சந்தோஷம், பாதி பிரிவு. பூத்துக் குலுங்கும் காலத்தில் ஏன் இந்தக் கண்ணீர்? விடையின் ஒரு பகுதி அரசாங்கக் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. இன்னொரு பகுதி ஒரு மரத்தில்.

1886இல் ஜப்பான் அரசு தன் நிதியாண்டை ஏப்ரல் ஒன்றுக்கு மாற்றியது. பள்ளிகள் மெல்ல மெல்ல அதைப் பின்தொடர்ந்தன. செப்டம்பரில் வகுப்பு தொடங்கிவந்த டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகமும் 1921இல் ஏப்ரலுக்கு வந்தது. நம் ஊரிலும் நிதியாண்டு ஏப்ரலில்தான் தொடங்குகிறது. ஆனால் பள்ளி திறப்பது ஜூனில், நடுவில் கோடை விடுமுறை ஓடுகிறது. ஜப்பானில் அந்த மூச்சுவிடும் இடைவெளி இல்லை. மார்ச்சில் பட்டமளிப்பு விழா, ஏப்ரல் முதல் வாரத்தில் புதுப் பள்ளி, புது வேலை, புது ஊர். விழா நாளில் மனதுக்குப் பிடித்த பையனின் சீருடையிலிருந்து இரண்டாவது பொத்தானைப் பெண்கள் கேட்டு வாங்கும் வழக்கம் உண்டு. இதயத்துக்கு மிக அருகில் இருக்கும் பொத்தான் அதுதானாம்.

இந்தப் பிரிவுக்கும் தொடக்கத்துக்கும் நடுவிலுள்ள சில நாட்களில்தான் டோக்கியோவில் சகுரா, அதாவது செர்ரி மரம், பூக்கிறது.

ஜப்பானிய நகரங்களின் படங்களில் நாம் பார்க்கும் வெளிர் இளஞ்சிவப்பு மரம் பெரும்பாலும் 'சோமெய் யோஷினோ' என்ற வகை. எடோ காலத்தின் பிற்பகுதியில், இன்றைய டோக்கியோவுக்குள் அடங்கிவிட்ட சோமெய் கிராமத்துத் தோட்டக்காரர்கள் பரப்பிய கலப்பினம் அது. தன் மகரந்தத்தால் தானே காய்க்காது. விதையிலிருந்து அதே மரம் வராது. ஒட்டுமாங்கன்றுபோல ஒட்டுக்கட்டித்தான் பெருக்க வேண்டும். ஆகவே நாடெங்கும் நிற்கும் சோமெய் யோஷினோக்கள் எல்லாம் மரபணுவில் ஒரே மரம். லட்சக்கணக்கான இடங்களில் நிற்கும் ஒரே ஒரு மரம் என்றே சொல்லலாம்.

அதனால்தான் ஓர் ஊரில் இருக்கிற மரங்கள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல ஒன்றாகப் பூத்து ஒன்றாக உதிர்கின்றன. முந்தைய கோடையிலேயே மொட்டு உருவாகிவிடுகிறது, பிறகு தூங்குகிறது. குளிர்காலத்தின் கடுங்குளிர் சில வாரம் பட்டால்தான் அந்தத் தூக்கம் கலையும். அதன்பின் வெப்பம் சேரச் சேர மொட்டு வளரும். பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு நாளின் உச்ச வெப்பநிலையையும் கூட்டிக்கொண்டே வாருங்கள். கூட்டல் 600 டிகிரியை நெருங்கும்போது டோக்கியோவில் பூ விரியும் என்பது அங்கே எல்லோரும் அறிந்த தோராயக் கணக்கு. யாசுகுனி ஆலயத்தில் நிற்கும் மாதிரி மரத்தில் ஐந்தாறு பூ விரிந்தால் வானிலை அதிகாரி 'பூத்துவிட்டது' என்று அறிவிப்பார். சுமார் ஒரு வாரத்தில் முழுமலர்ச்சி, அடுத்த வாரத்தில் தரையெல்லாம் இதழ்.

ஊரே ஒன்றாகப் பிரியும் வாரத்தில் மரங்களும் ஒன்றாக உதிர்ந்தால் பாட்டுக்கு வேறென்ன வேண்டும்? ஃபுஜிஃபேப்ரிக் குழு நான்கு பருவங்களுக்கு நான்கு பாட்டு என்று போட்ட வரிசையில் முதலாவது, 2004 ஏப்ரலில் வந்த 'சகுரா நோ கிசெட்சு'. பூக்காலம் முடிந்ததும் தூர ஊருக்குப் போகப்போகிற ஒருவரைச் சுற்றி நகர்கிறது அது. அதற்கு ஒரு மாதம் முன்பு ரெமியோரோமென் என்ற மூவர் குழு 'மார்ச் 9' என்ற பாட்டை மார்ச் 9 அன்றே வெளியிட்டது. நண்பரின் கல்யாணத்துக்காக எழுதியது. 2005இல் ஒரு தொலைக்காட்சித் தொடரில் வகுப்பு மாணவர்கள் அதைச் சேர்ந்திசையாகப் பாடினார்கள். அதன்பின் அது பட்டமளிப்பு விழாப் பாட்டாகிவிட்டது. கல்யாணப் பாட்டு பிரிவுப் பாட்டானதில் அங்கே யாருக்கும் முரண் தெரியவில்லை.

சுரங்களும் இதற்குத் துணை நிற்கின்றன. ஜப்பானில் எல்லோரும் அறிந்த பழைய 'சகுரா சகுரா' மெட்டின் ஐந்து சுரங்களை நம் காதால் கேட்டால் கர்நாடக சுத்த சாவேரி. பூவைப் பாடினாலும் குரல் கம்மித்தான் ஒலிக்கும். மெய்ஜி காலப் பள்ளிப் பாட்டுகள் பலவும் நாலாவது, ஏழாவது சுரங்களை நீக்கிய 'யோனனுகி' அளவில் அமைந்தவை. அதன் மேஜர் வடிவம் நம் மோகனம்தான். பின்னால் வந்த ராக் குழுக்கள் இவற்றோடு மேலைக் கார்டுகளைச் சேர்த்தன. அவற்றில் ஒரு வரிசைக்கு அங்குள்ள இசைக்காரர்கள் வைத்த பெயர் 'ராஜபாட்டை'. நான்காம் கார்டு, ஐந்தாம் கார்டு என்று நம்பிக்கையோடு ஏறும். வீட்டு வாசலான முதல் கார்டுக்குப் போகாமல், மூன்று, ஆறு என்ற மைனர்களில் இறங்கி நிற்கும். கிட்டத்தட்ட வீடு வந்துவிட்டது, ஆனால் வரவில்லை.

இத்தனைக்கும், ராக்கை ஜப்பானிய மொழியில் பாட முடியுமா என்பதே 1970 வாக்கில் பெரிய சர்ச்சை. சிக்கல் மாத்திரையில் இருந்தது. நம் இலக்கணத்தில் குறிலுக்கு ஒரு மாத்திரை, மெய்க்கு அரை. ஜப்பானியத்தில் தனித்து நிற்கும் 'ன்' ஒலிக்கும் முழு மாத்திரை உண்டு. ஷின்கான்சென் நம் காதுக்கு மூன்று அசை. அவர்களுக்கு ஆறு துடிப்பு. துடிப்புக்கு ஒரு சுரம் வைத்தால் வரி நீண்டுவிடும், ஆங்கில ராக்கின் வெட்டு வராது. ஹாப்பி எண்ட் குழு அந்த வெட்டை விரட்டிப் பிடிக்கவில்லை. மொழியின் நிதானத்தையே தாளத்தில் உட்காரவைத்தது. 1970இல் வந்த அவர்களது முதல் தொகுப்பின் முதல் பாட்டு 'ஹரு யோ கோய்', அதாவது 'வசந்தமே வா'. வீட்டை விட்டுத் தனியே வந்தவன் புத்தாண்டில் குடும்பத்தை நினைக்கிறான். பாட்டில் வசந்தம் இன்னும் வரவில்லை, கூப்பிடுகிறான், அவ்வளவுதான்.

இப்போது அந்த வசந்தம் அவசரப்படுகிறது. கியோட்டோவில் மலைச் செர்ரியின் முழுமலர்ச்சி நாட்கள் ஒன்பதாம் நூற்றாண்டு முதல் நாட்குறிப்புகளில் பதிவாகியிருக்கின்றன. 2021இல் அது மார்ச் 26 அன்றே வந்தது. 1,200 ஆண்டுப் பதிவுகளில் அதைவிட முந்திய நாள் அதுவரை இல்லை. புதுப் பள்ளிக்குள் நுழையும் பிள்ளைகளின் தலைமேல் உதிர்ந்த பூ, பல ஊர்களில் இனி அதற்கு முன்பே உதிர்ந்து முடிந்துவிடும். பாட்டுகள் மட்டும் ஏப்ரலிலேயே இருக்கும்.