கைக்கெட்டும் நலவாழ்வு

நுழையும்முன்

நோயுற்றவர் மருத்துவமனையை நாடிச் செல்வது ஒரு வழி. நோய் முற்றுமுன் நலப்பணியாளர் இல்லம் நாடி வருவது மற்றொரு வழி. நாள்தோறும் உழைத்தால்தான் அடுப்பெரியும் என்ற நிலையிலுள்ள குடும்பங்களுக்கு இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரிது. சென்னைக் கடற்கரையிலுள்ள நொச்சிக்குப்பத்தை முன்வைத்து, மக்கள் நலச்சேவைகள் எவ்வாறு இயங்குகின்றன என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கடலுக்கும் நகருக்கும் இடையே

மெரினா கடற்கரையின் தென்பகுதியில், மயிலாப்பூரையும் சாந்தோமையும் ஒட்டி அமைந்த மீனவக் குடியிருப்பு நொச்சிக்குப்பம். 1970ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தன் தொடக்கக்காலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகளை எழுப்பிய இடங்களுள் இதுவும் ஒன்று. 2004 டிசம்பர் 26 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கியது.

இக்குப்பத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே பெரிய அரசு மருத்துவமனைகள் உள்ளன. திருவல்லிக்கேணியில், 1885ஆம் ஆண்டு தோன்றிய கஸ்தூரிபா காந்தி தாய்சேய் நல மருத்துவமனை இயங்குகிறது. இராயப்பேட்டை அரசு மருத்துவமனையும் ஓமந்தூரார் வளாகத்து உயர்சிறப்பு மருத்துவமனையும் அணித்தே இருக்கின்றன. எனினும், மருத்துவமனை அருகில் இருப்பதனாலேயே மருத்துவம் கைக்கெட்டிவிடுவதில்லை.

தொழிலின் நேரமும் மருத்துவத்தின் நேரமும்

மீன்பிடிக்கச் செல்வோர் பொழுது விடியுமுன் படகைக் கடலில் இறக்குகின்றனர். அவர்கள் கரை திரும்பும் காலை வேளையில் பெண்கள் மீனை ஏலத்தில் எடுத்து விற்பனைக்கு அமர்கின்றனர். மருத்துவமனைகளின் புறநோயாளர் பிரிவு பெரும்பாலும் முற்பகலில்தான் இயங்குகிறது. மீன் விற்கும் பெண் அவ்வேளையில் மருத்துவமனை வரிசையில் நின்றால் அன்றைய வருவாயை இழக்கிறார். அதனால், ‘நாளை பார்த்துக்கொள்ளலாம்’ என்று நோயைத் தள்ளிப் போடுகிறார்.

இவ்வாறு தள்ளிப் போடுவதற்கு ஏற்ற நோய்களே இன்று மிகுந்துள்ளன. உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் தொடக்கத்தில் வலி தருவதில்லை. கவனியாது விட்டால் பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவற்றில் கொண்டு சேர்க்கின்றன. உழைக்கும் ஒருவர் வீழ்ந்தால் வருவாய் நிற்கிறது, கடன் ஏறுகிறது, பிள்ளைகளின் படிப்பு தடைப்படுகிறது. மருத்துவச் சேவை மிகுதியாகத் தேவைப்படும் மக்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது என்பதை பிரித்தானிய மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971ஆம் ஆண்டு எடுத்துக்காட்டி, அதனைத் ‘தலைகீழ் விதி’ என்னும் பொருள்படக் குறித்தார்.

இல்லம் நாடி வருவோர்

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகளைக் கூறுகிறது. நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து ஆகியவற்றோடு, நோயாளியின் அருகிலிருந்து பேணுபவரையும் அது ஓர் உறுப்பாகவே வைத்து எண்ணுகிறது. சமுதாய நலப்பணியின் அடிப்படை இந்நான்காம் உறுப்பில் அமைந்துள்ளது.

நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தைச் சார்ந்த செவிலியர் தம் பகுதிக் குடும்பங்களைப் பார்வையிட்டுக் கருவுற்ற பெண்களைப் பதிவு செய்கின்றனர். குழந்தைகளின் தடுப்பூசி நாள்களை நினைவூட்டுகின்றனர். 1975ஆம் ஆண்டு தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்கீழ் இயங்கும் அங்கன்வாடி மையங்கள் சத்துமாவு வழங்குவதோடு குழந்தையின் எடையையும் வளர்ச்சியையும் கண்காணிக்கின்றன. எடை குறைந்த குழந்தையை முதலில் கண்டறிவது பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளரே.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இம்முறையை முதியோருக்கும் நெடுநாள் நோயாளிகளுக்கும் விரிவுபடுத்தியது. பணியாளர்கள் வீட்டிற்கே சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரை அளவையும் சோதித்து மருந்து வழங்குகின்றனர். இயன்முறைச் சிகிச்சையும் வலிதணிப்புச் சிகிச்சையும் இத்திட்டத்தில் அடங்கும்.

உதவியும் பரிசோதனையும்

1987ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் தொகை 2018ஆம் ஆண்டில் 18,000 ரூபாயாக உயர்ந்தது. ஊட்டச்சத்துப் பெட்டகமும் அதில் அடங்கும். இவ்வுதவி ஒரே முறையில் தரப்படுவதில்லை. கருவுற்றதைப் பதிவு செய்தல், அரசு நிலையத்தில் மகப்பேறு, குழந்தைக்குத் தடுப்பூசி ஆகியவற்றோடு தவணைகள் இணைக்கப்பட்டுள்ளன. அதனால் உதவி பெறும் தாய் மருத்துவக் கண்காணிப்பிலும் தொடர்ந்து இருக்கிறார்.

வருவாயற்ற நாள்களும் நலவாழ்வும்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உள்ளது. மழைக்காலத்தில் கடல் சீற்றத்தால் தொழில் குன்றுகிறது. கையில் பணமில்லாத நாள்களில் குடும்பம் முதலில் குறைப்பது உணவையும் மருந்தையுமே. எனவே, மீனவக் குடும்பங்களுக்கான தடைக்கால நிவாரணமும் தொழில் குன்றிய காலத்திற்கான உதவியும் நலவாழ்வைக் காக்கும் ஏற்பாடுகளாகவும் விளங்குகின்றன. சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டத்தில், தொழில் நடக்கும் மாதங்களில் மீனவர் சிறிது சிறிதாகச் செலுத்தும் தொகையோடு அதன் இருமடங்கை அரசு சேர்த்து, தேவைப்படும் காலத்தில் திருப்பித் தருகிறது. இவற்றைப் பெற மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராதல் இன்றியமையாதது.

பணிபுரியும் இடமும் நலவாழ்வோடு தொடர்புடையது. மெரினா வளைவுச் சாலையின் ஓரத்தில் நெடுங்காலம் வெயிலில் அமர்ந்து மீன் விற்றோருக்காக, 366 கடைகள் கொண்ட நவீன மீன் அங்காடி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நிழல், குடிநீர், கழிவறை ஆகியவை மருந்துச் சீட்டில் எழுதப்படுவதில்லை. ஆயினும், கழிவறை இல்லை என்பதற்காகத் தண்ணீர் பருகாமலே பகலைக் கழிக்கும் பெண்ணுக்கு இவை மருந்தினும் முதன்மையானவை.

வழிகாட்டிய முயற்சிகள்

மருத்துவர் கே.எஸ். சஞ்சீவி 1958ஆம் ஆண்டு சென்னை அடையாறில் வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் என்னும் அமைப்பை நிறுவினார். குடும்பங்கள் தத்தம் வருவாய்க்கேற்ற சிறு ஆண்டுக் கட்டணம் செலுத்தி மருத்துவச் சேவை பெறும் முறையை அவர் நடைமுறைப்படுத்தினார். நோயாளி ஒருவரை மட்டும் நோக்காமல் குடும்பம் முழுவதையும் நோக்கியது அம்முறை. இருபது ஆண்டுகளுக்குப் பின், 1978இல் அல்மா அட்டா நகரில் கூடிய பன்னாட்டு மாநாடு, மக்கள் வாழும் இடத்திற்கும் தொழில் செய்யும் இடத்திற்கும் இயன்றவரை அருகில், அவர்களின் பங்கேற்போடு மருத்துவம் அமைய வேண்டும் என அறிவித்தது.

இடையில் நிற்கும் தடை

திட்டம் இருப்பினும் அது உரியவரைச் சேராமல் போவதுண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திற்குக் குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் வேண்டும். இவற்றை முன்னரே பெற்றுப் பதிவு செய்யாத குடும்பம், உயிர் ஊசலாடும் வேளையில் அலுவலகங்களுக்கு அலைகிறது. படிவத்தைப் படிக்க இயலாமையும் தவணை நாளை அறியாமையும் உரிமையைப் பறித்துவிடுகின்றன.

இத்தடையை நீக்குவதில் மாணவர்க்கும் பங்குண்டு. பாட்டியின் மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்லுதல், தம்பியின் தடுப்பூசி அட்டையைச் சரிபார்த்தல், அண்டை வீட்டாரின் விண்ணப்பத்தை நிரப்பித் தருதல் ஆகியவை எளிய செயல்களே. நோயாளியின் அருகிலிருந்து பேணும் அந்நான்காம் உறுப்பாக ஒவ்வோர் இல்லத்திலும் ஒருவர் உருவானால், அரசின் சேவை வாயிலோடு நில்லாமல் வீட்டினுள் நுழையும்.

தெரிந்து வைத்திருக்க வேண்டிய எண்கள்

அவசர ஊர்தி – 108
மருத்துவ ஆலோசனை – 104
குழந்தைகள் உதவி – 1098
மகளிர் உதவி – 181

கற்பவை கற்றபின்…

1. உங்கள் பகுதியில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையம், அங்கன்வாடி மையம் ஆகியவற்றின் சேவைகளையும் செயல்படும் நேரத்தையும் கேட்டறிந்து பட்டியலிடுக.

2. அந்நேரம் உங்கள் பகுதி மக்களின் தொழில் நேரத்தோடு பொருந்துகிறதா என்பதை வகுப்பில் கலந்துரையாடி, மாற்றம் வேண்டின் உரிய அலுவலருக்கு விண்ணப்பம் எழுதுக.