சும்மாடும் தலைப்பாகையும்

தோவாளைப் பூச்சந்தையில் விடியுமுன்பே டீ கிடைக்கும். மாசி 19. பிச்சியும் அரளியும் கொழுந்தும் மூட்டை மூட்டையாக இறங்கிக்கொண்டிருந்தன. காவித் தலைப்பாகையோடு இருவர் வேனுக்கு மாலை வாங்கிக்கொண்டிருந்தார்கள். சென்னையிலிருந்து வந்திருந்த மருமகன் கேட்டான்: "சாமி கும்பிடறப்போ துண்டை இடுப்புல கட்டச் சொல்லுவீங்களே மாமா, இவங்க தலையில கட்டியிருக்காங்க?"

ஒரு டீயில் தீருகிற கேள்வியில்லை. இன்னொன்று போடச் சொன்னேன்.

அந்தத் துண்டில்தான் கதையே இருக்கிறது. அன்றைய திருவிதாங்கூரில் நாடார் முதலான சாதி ஆண்கள் தலைப்பாகை கட்டக் கூடாது, வேட்டி முழங்காலைத் தாண்டக் கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது, குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது. தலைக்கும் வரி. 1809-ல் பிறந்த ஒரு குழந்தைக்கு முடிசூடும் பெருமாள் என்று பெயரிட்டார்கள். இவர்களுக்கு எதற்கு முடி என்று மேல்சாதிக்காரர்கள் சீற, பெயர் முத்துக்குட்டி ஆயிற்று என்பார்கள். அவர்தான் ஐயா வைகுண்டர். 1833 மாசி 20-ல் திருச்செந்தூர்க் கடலிலிருந்து அவதாரமாக வந்தார் என்பது அன்பர்கள் நம்பிக்கை. வந்தவர்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு கும்பிடச் சொன்னார். அவர் ஊரான சுவாமித்தோப்பில் உள்ள பதியில், அதாவது வழிபாட்டிடத்தில், விக்கிரகம் கிடையாது, கண்ணாடிதான். முன்னால் போய் நின்றால் தலைப்பாகையோடு நம் முகமே தெரியும்.

திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் அரசு சும்மா இருக்குமா? திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் 110 நாள் சிறை. விடுதலையானவரை மாசி 19-ல் வாகனத்தில் வைத்துச் சுமந்து ஊருக்குக் கொண்டுவந்தார்கள் என்பது வழிவழியாக வரும் சேதி. அதனால்தான் இன்றும் 19-ஆம் தேதி திருவனந்தபுரத்திலிருந்தும், அவதாரம் நடந்த திருச்செந்தூரிலிருந்தும் வண்டிகள் நாகர்கோவிலுக்கு வருகின்றன. மறுநாள் காலையில் நாகராஜா கோயில் திடலிலிருந்து சுவாமித்தோப்புக்கு நடை. விழா அவதார நாளுக்கு, நடப்பது என்னவோ வீடு திரும்பிய வழி.

வழியில் சுசீந்திரம். அங்கே கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் ஒடுக்கப்பட்ட சாதியினர் கால் வைப்பதற்கே 1926-ல் சத்தியாக்கிரகம் நடத்த வேண்டியிருந்தது. இப்போது முத்துக்குடையும் கோலாட்டமுமாக ஊர்வலம் அந்த ஊரைக் கடக்கிறது, மாவட்டத்துக்கே அன்று விடுமுறை.

"தலைத்துணிக்கு இப்படிக் கட்டுப்பாடு வேற நாட்டுலயும் உண்டா மாமா?"

உண்டு, தலைகீழாக. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் 1786-ல் கறுப்பினப் பெண்கள் தலைமுடியைத் துணியால் மறைக்க வேண்டும் என்று உத்தரவு. அவர்கள் அந்தத் துணியையே பட்டும் பகட்டுமாகச் சுற்றி, உத்தரவு போட்டவர்களை வாய்பிளக்க வைத்தார்கள். அங்கே கட்டியே ஆக வேண்டிய துணி, இங்கே கட்டவே கூடாத துணி.

பூமூட்டை தூக்குகிறவர் எங்களைத் தாண்டிப் போனார். அவர் தலையிலும் துண்டுதான். ஆனால் அது சும்மாடு. அந்தக் காலத்தில்கூடச் சும்மாட்டுக்கு யாரும் தடை போட்டதாகக் கேள்வியில்லை.

மருமகன் தன் துண்டை எடுத்துத் தலையில் சுற்றிப் பார்த்தான். இரண்டு தரம் அவிழ்ந்து விழுந்தது. மூட்டையை இறக்கிவிட்டு வந்தவர் சிரித்துக்கொண்டே துண்டை வாங்கி முறுக்கினார்.

"நெத்திய மூடிராத மக்களே, நாமம் போட எடம் வேணும்லா."