சக்கரம் நேராகத்தான் ஓடுகிறதா?

நுங்கு வண்டி ஓட்டியிருக்கிறீர்களா? எங்கள் ஏலாக்குறிச்சியில் கொள்ளிடக் கரை மணலில் அதை ஓட்டியபோது கண்ட ஒன்று இன்னும் நினைவிருக்கிறது. கூடுகளைக் குச்சியில் நேராகக் கோத்திருந்தால் மணலில் மெல்லிய கோடு விழும். ஒரு கூடு கோணலாக இருந்தாலோ மணலை ஒதுக்கிக்கொண்டு அகலமான தடம் விழும், தள்ளுவதும் கடினம். சக்கரம் உருள்வதோடு பக்கவாட்டில் இழுபடுவதே காரணம்.

மோட்டார் காரிலும் இதே கதைதான். அண்மையில் நண்பர் ஒருவர் தம் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். 1961 முதல் 1971 வரை சென்னையில் தயாரான வண்டி அது. டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் காரின் சட்டமும் இந்த ஹெரால்டு சட்டத்தைக் குறுக்கி அமைத்ததே. ஆகவே இரண்டுக்கும் சக்கர நோயும் ஒன்று, வைத்தியமும் ஒன்று.

முன் டயர்களின் வெளி ஓரம் தேய்ந்து, தடவினால் ரம்பப் பல் போல் இருந்தது. முன்சக்கரங்கள் அளவுக்கு மீறி உள்நோக்கித் திரும்பியிருப்பதன் அடையாளம் இது. முன்னோரங்கள் சற்று நெருங்கியிருப்பதை 'டோ-இன்' என்பார்கள். சிறிதளவு தேவைதான். ஓடும்போது சாலையின் எதிர்ப்பு முன்சக்கரங்களைப் பின்னே தள்ள, மூட்டுகளின் தளர்ச்சியால் அவை வெளிப்புறம் விரியும். அந்த விரிவை இது சரிக்கட்டுகிறது.

கொத்தனாரிடம் நூலும் தூக்குக்குண்டும் வாங்கினோம். தரை மட்டமா என்று டியூப் லெவல் வைத்துப் பார்த்தோம். சக்கர மையத்தின் உயரத்தில், வண்டியின் இருபுறமும் இணையாக நூலைக் கட்டி, நூலிலிருந்து ரிம்மின் முன்னோரமும் பின்னோரமும் எவ்வளவு தூரம் என அளந்தோம். வளைந்த ரிம் நம்மை ஏமாற்றிவிடும் என்பதால் சக்கரத்தை அரைச்சுற்று உருட்டி மறுபடியும் அளந்தோம். கையேட்டில் உள்ளதைவிட ஒவ்வொரு சக்கரமும் 2 மி.மீ. கூடுதலாக உள்நோக்கி இருந்தது.

"இரண்டு மில்லிமீட்டர்தானே சார்!" என்றார் நண்பர். கணக்குப் பாருங்கள். ரிம்மின் விட்டம் ஏறக்குறைய 350 மி.மீ. கோணம் 2/350, அதாவது 0.0057 ரேடியன், ஒரு பாகையில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் 1 கிலோமீட்டர் ஓடினால் டயர் 5.7 மீட்டர் பக்கவாட்டில் இழுபட வேண்டும். 100 கிலோமீட்டருக்கு 570 மீட்டர்! ரப்பர் வளைந்து கொடுப்பதால் அத்தனையும் உரசலாகாது என்பது உண்மை. ஆனாலும் டயர் தேய அது போதும்.

தவறு எங்கே நேர்ந்தது? ஒரு பட்டறையில் டோ-இன்னை முதலில் சரிசெய்துவிட்டு, பிறகு கேம்பரைத் தொட்டிருக்கிறார்கள். முன்னிருந்து பார்க்கையில் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணமே கேம்பர். அதைத் தூக்குக்குண்டு காட்டிவிடும். ஹெரால்டில் 'ஷிம்' எனும் மெல்லிய தகடுகளைச் செருகியோ எடுத்தோ அதை மாற்றலாம். மாற்றினால் டோ-இன்னும் கூடவே மாறிவிடும். ஆகவே கேம்பர் முதலில், டோ-இன் கடைசியில். (சைக்கிளின் முன் கவை சாய்ந்திருப்பது போன்ற காஸ்டர் கோணமும் உண்டு, அது சரியாகவே இருந்தது.) இருக்கைகளில் ஆள் பாரத்துக்கு நெல் மூட்டைகளை ஏற்றி, கேம்பரைச் சரிபார்த்தபின், ஸ்டியரிங் தண்டுகள் இரண்டையும் சம அளவு திருகினோம். ஒன்றை மட்டும் திருகினால் ஸ்டியரிங் வளையம் கோணலாக நிற்கும்.

பின்சக்கரங்களிடம்தான் நூலின் ஜம்பம் பலிக்கவில்லை. ஹெரால்டின் பின் அச்சு நடுவில் மூட்டுப்போட்ட இரண்டு துண்டுகள். பறவையின் சிறகு போல் ஏறி இறங்கும். வண்டியில் பாரம் ஏறினால் சக்கரங்களின் மேற்புறம் உள்ளே சாயும். வேகமாக வளையும்போது சட்டென்று பிரேக் போட்டால், வண்டியின் பின்பகுதி உயர்ந்து சக்கரத்தின் அடிப்புறம் உள்ளே மடங்கும், பிடிப்பு போய்விடும். நின்ற நிலையில் எத்தனை நுட்பமாக அளந்தாலும் இது தெரியாது. 1970-இல் வந்த ஸ்பிட்ஃபயரில் பின் வில்லை மாற்றியமைத்து இக்குறையைக் குறைத்தார்கள். சென்னையில் 1972-இல் வந்த ஸ்டாண்டர்டு கெஸலுக்கோ ஒரே துண்டான பின் அச்சையே வைத்துவிட்டார்கள்.

இதைக் கேட்டதிலிருந்து நண்பர் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுகிறார். வளைவுக்குள் பிரேக்கைத் தொடுவதில்லை.