கியர் எதுக்கு? ஒரு சின்னக் கணக்கு



பேச்சிப்பாறை ஏத்தத்தில் பஸ் ஏன் கியரை மாத்தி மாத்தி ஏறுது தெரியுமா? என்ஜினுக்கு எல்லாச் சுற்றிலும் ஒரே பலம் கிடையாது. அதைச் சமாளிக்கத்தான் கியர்.

என் சைக்கிள் பல்லை எண்ணினேன். முன்னால் 44, பின்னால் 18. மிதி ஒரு சுத்து சுத்தினா பின்சக்கரம் ஏறக்குறைய 2.4 சுத்து. இதுதான் விகிதம்.

கோயம்புத்தூர் கரிவரதன் 1980-களில் மாருதி 800-இன் 796 சிசி என்ஜினை வச்சு ஃபார்முலா மாருதி ரேஸ் கார் செய்தார். டர்போ இல்லாத இப்படிப்பட்ட சின்ன என்ஜினை ரேஸுக்காக மாத்தி அமைச்சா, பலம் மேல் சுற்றில்தான் கிடைக்கும். கீழே சோர்ந்துபோகும்.

6000 சுற்றில் கியர் மாத்துறோம்னு வைப்போம். விகிதம் 2-இலிருந்து 1 ஆனா என்ஜின் 3000-க்கு விழும், இழுக்காது. 1.5 ஆனா 4500-இல் நிக்கும், உடனே இழுக்கும். அதனால்தான் ரேஸ் காரில் கியர்களை நெருக்கமா வைக்காங்க.

ஆனா இதுக்கு விலை உண்டு. கியர் எண்ணிக்கையைக் கூட்டாம நெருக்கினா, முதல் கியரில் இழுவை குறையும். இல்லேன்னா கடைசி கியரில் வேகம் குறையும். ரேஸ் மைதானத்துக்கு அது பரவாயில்லை. ஆளேத்தி மலை ஏறுற வண்டிக்கு ஆகாது. எந்த ரோட்டில் ஓடணும்னு பார்த்துத்தான் கியரைத் தேர்ந்தெடுக்கணும்.

நீங்களும் உங்க சைக்கிள் பல்லை எண்ணி விகிதம் கண்டுபிடிங்க!

– 9-ஆம் வகுப்பு மாணவி