செக்குமாட்டு வேர்

ஒரத்தநாட்டிலிருந்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: “கஜா புயலுக்குப் பிறகு எங்கள் பக்கம் நிழலே குறைந்துபோனது. ஊர்ப் பூங்காவில் பிள்ளைகள் சேர்ந்து மரக்கன்று நடப்போகிறோம். என்ன மரம் வைக்கலாம்?”

வேம்பு, புங்கன், நாவல், மகிழம், எது வேண்டுமானாலும் வையுங்கள். ஆனால் 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணித் தோப்புகளை என்ன செய்தது என்று பார்த்தவர்கள், மரத்தின் பெயரைவிட அதன் வேரைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். தென்னைக்கு ஆணிவேர் கிடையாது, அது தனிக்கதை. ஆணிவேர் உள்ள மரத்தையும் நாமே கெடுத்து நடுகிறோமே, அதுதான் என் வழக்கு. குற்றவாளி, கன்று வளரும் கறுப்பு பாலிதீன் பை.

வேர் கீழ்நோக்கிப் போகும் என்று பள்ளியில் படித்தோம். எப்படித் தெரிகிறது அதற்குக் கீழ் எது என்று? வேர்மூடியின் நடுச்செல்களில் மாவுச்சத்து மணிகள் இருக்கின்றன. கன்றைச் சாய்த்து வைத்தால், சில நிமிடங்களில் மணிகள் உருண்டு செல்லின் புதிய அடிப்பக்கத்தில் படிந்துவிடும். உடனே ஆக்சின் என்ற ஹார்மோன் அந்தப் பக்கம் அதிகமாகத் திரும்புகிறது. தண்டை நீளவைக்கும் அதே ஆக்சின், வேரில் நீளவிடாமல் தடுக்கும். அடிப்பக்கம் தயங்க, மேல்பக்கம் முந்த, நுனி கீழே வளைகிறது. கண்ணும் இல்லை, மூளையும் இல்லை. நாலு மாவு மணி விழுந்த இடத்தை வைத்து வேர் பூமியைக் கண்டுபிடித்துவிடுகிறது.

இவ்வளவு கெட்டிக்கார வேர், பையின் அடியில் முட்டியதும் செக்குமாடுபோலச் சுற்ற ஆரம்பிக்கிறது. மாடாவது நுகத்தை அவிழ்த்தால் தொட்டிக்குப் போகும். வேர் போகாது. அது நீள்வது நுனியில் மட்டும்தான். விட்டுவந்த பகுதி தடிக்குமே தவிர நிமிராது. பையைக் கிழித்து மண்ணில் வைத்த பிறகும் பழைய வட்டம் வட்டமாகவே முற்றும். செக்கு சுற்றினால் எண்ணெயாவது மிஞ்சும். இங்கே நெரிபடுவது மரத்தின் சொந்தக் கழுத்து. (இதற்கு மேல் ஓட்டினால் மாடு படுத்துவிடும்.) மேலே தழைத்து நிற்கிற மரம், ஒரு பெருங்காற்றில் வேர்ப்பந்தோடு சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரூட் டிரெய்னர் என்ற குழாயில் இந்த வம்பு குறைவு. உள்பக்க வரப்புகள் வேரைக் கீழே இறக்கும். அடி திறந்திருப்பதால் நுனி காற்றில் காய்ந்துவிடும். நுனி போனதும், அதுவரை அடங்கியிருந்த பக்க வேர்கள் கிளம்பும்.

வரலாறு கேட்பவர்களுக்காக: 1950-ல் மத்திய அமைச்சர் கே.எம். முன்ஷி வன மகோத்சவத்தைத் தொடங்கினார். அன்று முதல் ஜூலை தோறும் நடுகிறோம். 2017 ஜூலை 2-ல் மத்தியப் பிரதேச அரசு 12 மணி நேரத்தில் 6 கோடிக்கு மேல் கன்று நட்டதாக அறிவித்தது. நட்டதைத்தான் எண்ணுகிறார்கள்.

‘பூங்காவில் மரம் வைத்தால் ஊருக்கே ஆக்சிஜன்’ என்ற பேச்சையும் விடுங்கள். காற்றில் ஏற்கெனவே 21 சதவீதம் ஆக்சிஜன் இருக்கிறது. உங்கள் நூறு கன்றால் அது கூடப்போவதில்லை. கிடைப்பது குளிர்ச்சி. இலை வழியே ஒரு லிட்டர் நீர் ஆவியாக, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் உறிஞ்சப்படுகிறது. சித்திரை வெயிலில் அது போதாதா?

டெல்டாவுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. பூங்கா இடம் முன்பு நெல்வயலாக இருந்தால், வருஷக்கணக்கில் தொளி அடித்ததில் உழவு ஆழத்துக்குக் கீழே மண் தட்டாக இறுகியிருக்கும். முக்கால் அடிக் குழி எடுத்தால் அது இன்னொரு பைதான். கடப்பாரையால் அந்தத் தட்டை உடைத்துவிட்டு நடுங்கள்.

கன்று வாங்கப் போகும்போது ஒரு பையைக் கிழித்துப் பாருங்கள். அடியில் வேர் சுருண்டிருந்தால் அந்த ஓர் அங்குலத்தை வெட்டி எறிந்து, பக்கவாட்டில் மூன்று நான்கு இடங்களில் பிளேடால் மேலிருந்து கீழாகக் கீறிவிட்டு நடலாம். வேர் விரல் தடிமனுக்கு முறுக்கேறியிருந்தால் இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.