வாங்கிய விளையாட்டு யாருக்குச் சொந்தம்?

கடந்த விடுமுறையில் எங்கள் வீட்டில் ஒரு வாக்குவாதம் நடந்தது. ஒன்பதாம் தரத்தில் படிக்கும் என் தம்பி, எத்தாளையில் பெரியவாப்பாவின் வெங்காயத் தோட்டத்தில் களை பிடுங்கியும் வெங்காயம் கட்டியும் 4,500 ரூபா சேர்த்திருந்தான். அந்தக் காசுக்கு ஒரு கணினி விளையாட்டு வாங்க வேண்டும் என்றான். மாமியின் மகன் சிரித்துவிட்டு, "விசரா உனக்கு? டவுனுக்குப் போனா முந்நூறு ரூபாவுக்கு பென் டிரைவ் நிறைய அடிச்சுத் தருவாங்க" என்றார். "அது களவு இல்லையா மகன்?" என்றார் உம்மா. "கம்பனிக்காரனுக்கு இருக்கிற சல்லிக்கு இது ஒரு நட்டமா மாமி?" என்றார் அவர்.

வாப்பா களப்பில் மீன்பிடிப்பவர். வலையைச் சிக்கெடுத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர் கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். "சரி, இவன் சல்லி குடுத்தே வாங்குறான் என்று வைப்போம். பிறகு அது இவன்ட சாமான்தானே? நான் ஒரு வலை வாங்கினா, வித்தவன் நாளைக்கு வந்து அதத் தூக்கிக்கொண்டு போக ஏலுமா?"

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிப்பவள் என்பதால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஏலாது" என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்ல முடியவில்லை. ஏனென்றால் 2024இல் அப்படித்தான் நடந்தது.

யூபிசொஃப்ட் என்ற பிரெஞ்சு நிறுவனம் 2014இல் 'த க்ரூ' என்ற கார் பந்தய விளையாட்டை வெளியிட்டது. தனியாக விளையாடினாலும் அது நிறுவனத்தின் சேவையகத்தோடு இணையத்தில் தொடர்பில் இருந்தால்தான் ஓடும். 2024 மார்ச் 31ஆம் திகதி நிறுவனம் அந்தச் சேவையகத்தை நிறுத்திவிட்டது. அடுத்த சில நாட்களில், பணம் கொடுத்து வாங்கியவர்களின் கணக்குகளிலிருந்து விளையாட்டின் உரிமத்தையும் நீக்கத் தொடங்கியது. இறுவட்டாக வாங்கி அலுமாரியில் வைத்திருந்தவர்களுக்கும் மிஞ்சியது வெறும் வட்டுத்தான். இதைக் கண்டு ரொஸ் ஸ்கொட் என்ற அமெரிக்கர் 'ஸ்டொப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டம் கேட்டு நடந்த அதன் கையெழுத்து வேட்டை 2025 ஜூலையில் 10 இலட்சத்தைத் தாண்டியது. எந்தச் சேவையகத்தையும் காலமெல்லாம் நடத்த முடியாது என்பது நிறுவனங்களின் பதில். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர்கள் கேட்பது காலமெல்லாம் நடத்தும்படி அல்ல. மூடும்போது, வாங்கியவர் தன் கணினியிலாவது ஓட்டக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போங்கள் என்பதுதான்.

இந்த நிலைக்கு விளையாட்டுகள் எப்படி வந்தன என்பதைப் பார்க்க வேண்டும். பெற்றோரில் சிலருக்கு 'பிரின்ஸ் ஒஃப் பேர்சியா' ஞாபகம் இருக்கலாம். 1989இல் வந்தது. அதன் முதல் கட்டம் முடிந்ததும் பல குப்பிகள் உள்ள ஓர் அறை வரும். விளையாட்டோடு வந்த கையேட்டின் குறிப்பிட்ட பக்கத்தில், குறிப்பிட்ட சொல்லின் முதல் எழுத்து எதுவோ அந்த எழுத்துள்ள குப்பியைத்தான் குடிக்க வேண்டும். கையேடு இல்லாதவன் மாட்டிக்கொள்வான். இதுதான் பிரதிக் காப்பு. காசு கொடுக்காமல் நகலெடுத்தவனைத் தடுப்பதற்காக விளையாட்டுக்குள்ளேயே வைக்கப்படும் பூட்டு. கையேட்டையே போட்டோக் கொப்பி எடுத்துவிட்டால் அந்தப் பூட்டு திறந்துவிடும் என்பது வேறு கதை.

பிறகு இறுவட்டுக் காலம் வந்தது. வட்டு உள்ளே இருந்தால்தான் விளையாட்டு ஓடும். வட்டில் கீறல் விழுந்தால் அவ்வளவுதான். அதற்கும் பிறகு இணையம் வழியாக அனுமதி கேட்கும் பூட்டுகள் வந்தன. இவற்றைப் பொதுவாக டி.ஆர்.எம். என்பார்கள். சண்டை பெரிதானது இங்கேதான்.

2008 செப்டெம்பரில் 'ஸ்போர்' என்ற விளையாட்டு வெளிவந்தது. காசு கொடுத்து வாங்கியவர் அதை மூன்று தடவைகள் மட்டுமே கணினியில் நிறுவி அனுமதி பெறலாம் என்று முதலில் விதி வைத்தார்கள். கணினி பழுதாகி மீண்டும் நிறுவினால் அதுவும் கணக்கில் சேரும். கொதித்துப்போனவர்கள் அமேசன் தளத்தில் ஆயிரக்கணக்கில் ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். பிறகு மூன்றை ஐந்தாக்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு பூட்டியும் அந்த ஆண்டில் அதிகமாகத் திருட்டுத்தனமாகப் பதிவிறக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டதும் இதே ஸ்போர்தான்.

2010 மார்ச்சில் 'அசாசின்ஸ் கிரீட் 2' கணினிக்கு வந்தபோது இன்னும் ஒரு படி மேலே போனார்கள். விளையாடும் நேரம் முழுவதும் இணையத்தில் தொடர்பு இருக்க வேண்டும். வெளிவந்த சில நாட்களிலேயே யாரோ அந்தச் சேவையகங்களைத் தாக்க, காசு கொடுத்தவர்கள் விளையாட முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். இதை எங்கள் ஊர் நிலையில் வைத்துப் பாருங்கள். நுரைச்சோலை அனல் மின் நிலையம் எங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இருந்தும் 2022இல் நாளுக்குப் 13 மணி நேரம் வரை போன மின்வெட்டு எங்களையும் விட்டுவைக்கவில்லை. மடிக்கணினியின் பற்றரி ஓடும், ரௌட்டர் அணைந்துவிடும். இணையத்தோடு கட்டிப்போட்ட விளையாட்டு அந்த நொடியில் நின்றுவிடும். பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி மட்டும் நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கும்.

அப்படியானால் மச்சான் சொன்னதுதான் சரியா? பூட்டு அநியாயமாக இருந்தால் நகலெடுப்பது நியாயமாகிவிடுமா?

இங்கே நான் அவரோடு உடன்படவில்லை. கம்பனிக்காரன் என்றதும் நமக்குப் பெரிய கட்டடமும் கோடிக்கணக்கான பணமும் மனதில் வருகின்றன. 2023 ஜூலையில் வெளிவந்த 'வெண்பா' என்ற விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கனடாவின் டொரொன்டோவில் உள்ள விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு செய்தது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தாய், தன் உம்மாவின் கிழிந்து எழுத்தழிந்த சமையல் குறிப்பேட்டைப் பார்த்துப் பார்த்து இட்லியும் புட்டும் பிரியாணியும் சமைக்கிறாள். எந்த அடுக்கில் மாவு, எந்த அடுக்கில் தேங்காய்ப்பூ என்பதை விளையாடுபவர் கண்டுபிடிக்க வேண்டும். மகன் மெல்ல மெல்லத் தமிழை விட்டு விலகிப்போகிறான். 2024இல் அதற்கு பிரித்தானியாவின் பாஃப்டா விருது, முதற்படைப்புப் பிரிவில் கிடைத்தது. நம்முடைய மொழி உலக மேடைக்குப் போன இப்படியொரு விளையாட்டையும் பென் டிரைவில் முந்நூறு ரூபாவுக்கு அடித்தால், நட்டம் யாருக்கு? அவர்களுக்கு அடுத்த விளையாட்டைச் செய்யக் கைச்சம்பளம் அதிலிருந்துதான் வர வேண்டும்.

உம்மாவின் கேள்வியை எங்கள் இஸ்லாம் பாட ஆசிரியையிடம் கொண்டுபோனேன். சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடியபோதே இதற்கு முடிவு சொல்லியிருக்கிறது என்றார். நூலாக்கம், கண்டுபிடிப்பு, வர்த்தகப் பெயர் போன்ற உரிமைகளுக்கு இன்று பொருளாதாரப் பெறுமதி உண்டு, அவை உரியவருக்கே சொந்தம், அவற்றில் அத்துமீறுவது கூடாது என்பது அந்தத் தீர்மானத்தின் சாரம். நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, திருட்டுப் பிரதி என்று தெரிந்தும் விற்பவருக்கு 5 இலட்சம் ரூபா வரை தண்டப்பணமோ ஆறு மாதம் வரை சிறையோ கிடைக்கலாம், இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். அதே சட்டத்தில் இன்னொரு விடயமும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு கணினி நிரலை முறையாக வாங்கியவர், அது தொலைந்தாலோ பழுதானாலோ பாவிப்பதற்காக ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாம். சட்டம் கொடுத்த இந்த ஒரு பிரதியையும் எடுக்க விடாத பூட்டுகள் இருக்கின்றன. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டு வருடங்களுக்கு முன் நானும் அந்த 'பென் டிரைவ் நிறைய' வாங்கியவள்தான். வைரஸ் காவலை நிறுத்திவிட்டுத்தான் நிறுவ வேண்டும் என்று கடையில் சொன்னார்கள், நிறுத்தினேன். மூன்றாம் நாள் என் பாடக் குறிப்புகள், செயற்றிட்டக் கோப்புகள், ராத்தாவின் நிக்காஹ் படங்கள் ஒன்றுமே திறக்கவில்லை. குறிப்புகளைத் திரும்ப எழுதிவிட்டேன். படங்கள் போனது போனதுதான். உம்மா அதைப் பற்றி இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஆகவே களவும் வேண்டாம், அநியாயப் பூட்டும் வேண்டாம் என்றால் மிஞ்சுவது எங்கே வாங்குவது என்ற கேள்வி.

போலந்துக்காரர்கள் இதில் நமக்கு அண்ணன்மார். 1990களின் தொடக்கத்தில் வார்சா நகரச் சந்தைகளில் நம் ஊர்ச் சீ.டி. கடைகளைப் போலவே திருட்டுப் பிரதிகள் குவிந்து கிடந்தன. அந்தச் சந்தையில் பழகிய இரண்டு இளைஞர்கள், மார்ச்சின் இவின்ஸ்கியும் மிகாவ் கிச்சின்ஸ்கியும், 1994இல் சீ.டி. புரொஜெக்ட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 'பால்டர்ஸ் கேட்' என்ற விளையாட்டை 1999இல் அவர்கள் வெளியிட்டபோது அதைப் போலிஷ் மொழியில் நல்ல நடிகர்களின் குரலோடு தயாரித்தார்கள். பெட்டிக்குள் வரைபடம், விதிநூல், இசைவட்டு எல்லாம் வைத்தார்கள். சந்தைக்காரனால் இதையெல்லாம் கொடுக்க முடியாது அல்லவா? மக்கள் காசு கொடுத்தே வாங்கினார்கள். அதே நிறுவனம் 2008இல் 'கொக்' என்ற இணையக் கடையைத் திறந்தது. அங்கே விற்கும் விளையாட்டுகளுக்குப் பூட்டு இல்லை. நிறுவும் கோப்பை இறக்கி எடுத்து வைத்துக்கொண்டால், பிறகு கடை மூடினாலும் அது உங்களிடம் இருக்கும்.

உலகின் பெரிய கடை 2003இல் தொடங்கிய ஸ்டீம். அதில் நன்மைகள் பல உண்டு. வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் காசைத் திருப்பிக் கேட்கலாம். கணினி மாறினாலும் திரும்ப இறக்கலாம். ஆனால் 2024 ஒக்டோபரிலிருந்து, காசு கட்டும் இடத்தில் அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்: நீங்கள் வாங்குவது உரிமம். கலிபோர்னியாவில் வந்த ஒரு சட்டத்தை ஒட்டித்தான் இந்த வெளிப்படைத்தன்மை வந்தது. ஸ்டீம் கணக்குத் தொடங்க 13 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்பதைப் பெற்றோர் குறித்துக்கொள்க. எபிக் என்ற கடை வாராவாரம் ஏதாவதொரு விளையாட்டை இலவசமாகத் தருகிறது. அதைவிடவும் எனக்குப் பிடித்தது 'சூப்பர்டக்ஸ்கார்ட்' போன்ற திறந்த மூல விளையாட்டுகள். அவற்றை வகுப்பு முழுவதற்கும் பென் டிரைவில் அடித்துக் கொடுக்கலாம், செய்தவர்களே அனுமதித்திருக்கிறார்கள். வட்ஸ்அப்பில் யாரோ பாதி விலைக்கு விற்கும் குறியீட்டு எண்களையும், பங்குபோட்ட கணக்குகளையும் மட்டும் தயவுசெய்து வாங்க வேண்டாம். எங்கிருந்து வந்தது என்று தெரியாத மீனை யாரும் வாங்கமாட்டோமே.

விலை நமக்குச் சுமைதான், அதை மறைக்க முடியாது. டொலரில்தான் விலை போடுகிறார்கள். 15 டொலர் விளையாட்டு ஒன்று 2022 தொடக்கத்தில் ஏறத்தாழ 3,000 ரூபா. மே மாதத்தில் அதுவே 5,000ஐத் தாண்டியது. ஆனால் எல்லாக் கடைகளிலும் வருடத்தில் பல தடவைகள் மலிவு விற்பனை வருகிறது. விரும்பியதைப் பட்டியலில் போட்டுவிட்டுக் காத்திருந்தால் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கும்.

தம்பிக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. அவன் தெரிவு செய்தது 'ஸ்டார்டியூ வெலி'. எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் நான்கு வருடங்களுக்கும் மேலாகத் தனியாக இருந்து செய்து 2016இல் வெளியிட்டது. அதில் நிலத்தைக் கொத்தி, விதைத்து, தண்ணீர் ஊற்றி அறுவடை செய்ய வேண்டும். வாப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "தோட்டத்துல முறிஞ்சு சேர்த்த சல்லிக்கு, கொம்பியூட்டர்லயும் தோட்டமா மகன்?"

கொழும்பிலுள்ள மாமாவின் வங்கி அட்டையால் கொக் கடையில் வாங்கினோம். வங்கிக் கட்டணத்தோடு 4,500ஐக் கொஞ்சம் தாண்டியது, மிச்சத்தை வாப்பா போட்டார். நிறுவும் கோப்பை இறக்கியதும் ஒரு பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து, திகதி எழுதி ஒட்டி, உம்மாவின் அலுமாரியில் வைத்தோம்.

"இப்ப இது நம்மடதா?" என்றார் வாப்பா.

தம்பி எழுந்து போய் ரௌட்டரின் வயரைக் கழற்றிவிட்டு வந்து, விளையாட்டைத் திறந்தான்.